அசைவு யாருடையது?

‘கோச்சடையான்’ 2014 மே 23 அன்று வெளியானபோது அதில் நாகேஷும் இருந்தார். அவர் காலமாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அது பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டிய காட்சியல்ல; வாழ்நாளில் அவர் நடித்தே இராத காட்சி. முகத்தைக் கணினியில் வடித்தார்கள், உடலசைவை வேறொருவர் நடித்துக் கொடுத்தார். நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவங்களில் ஏற்றிய படம் என்பதால் ரஜினிகாந்த், சரத்குமார், தீபிகா படுகோன் எல்லோருமே அதில் உருவங்களாகத்தான் வந்தார்கள். ஆனால் ரஜினியின் உருவத்துக்குப் பின்னால் ரஜினியே நடித்துப் பதிவான அசைவு இருந்தது. நாகேஷின் உருவத்துக்குப் பின்னால் நாகேஷ் இல்லை.

ஒருவரை நாம் அடையாளம் காண்பது முகத்தின் வடிவத்தைக் கொண்டா, அது அசையும் விதத்தைக் கொண்டா? உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் கேட்டுவரும் கேள்வி இது. தமிழ் சினிமா அந்த ஒரே படத்தில், தெரிந்தோ தெரியாமலோ, இதற்கான ஒரு சோதனையையே நடத்திவிட்டது. ஒரு பக்கம் சொந்த அசைவோடு வந்த மெய்நிகர் முகம். மறுபக்கம் இரவல் அசைவோடு வந்த மெய்நிகர் முகம்.

அந்த இரண்டு நடிகர்களின் அசைவையும் தமிழ்நாட்டுக்குப் பழக்கியதில் காரைக்குடிக்காரர்களுக்குப் பங்குண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன், உலகப்போர்க் காலத்தில் சென்னையை விட்டு வந்து சொந்த ஊரிலேயே ஸ்டூடியோ போட்டார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே உருவான படம். பிறகு ஏவி.எம். சென்னைக்குப் போனது. அந்த நிறுவனம் எடுத்த ‘சர்வர் சுந்தரம்’ (1964) நாகேஷைக் கதாநாயகனாக நிறுத்தியது. அதே ஏவி.எம்.மின் ‘முரட்டுக்காளை’ (1980) ரஜினியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது. அதை இயக்கிய எஸ்.பி.முத்துராமனும் காரைக்குடிக்காரர், ரஜினியை வைத்து மிக அதிகமான படங்களை இயக்கியவர். தமிழ் ரசிகருக்கு இந்த இரு முகங்களும் நிழற்படமாகப் பழகியவை அல்ல, பல பத்தாண்டுகள் திரையில் அசைந்தே பழகியவை.

வடிவத்துக்கு ஒரு வழி, அசைவுக்கு ஒரு வழி

முக அசைவை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். தலையை ஆட்டுவது, சாய்ப்பது, வெட்டித் திருப்புவது ஆகியவை முதல் வகை. இவற்றில் முகத்தின் வடிவம் மாறுவதில்லை, முழுத்தலையும் ஒன்றாக நகர்கிறது. புருவம் ஏறுவது, கன்னம் விரிவது, பேசும்போது உதடு குவிவது ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில் முகமே உருமாறுகிறது.

மூளையும் இவற்றைத் தனித்தனியாகக் கையாள்கிறது என்பது 2000-இல் ஜேம்ஸ் ஹாக்ஸ்பியும் அவருடைய சகாக்களும் முன்வைத்த மாதிரி. முகத்தின் மாறாத அமைப்பை மூளையின் அடிப்புறத்திலுள்ள ஒரு பகுதி கவனிக்கிறது. பார்வை திரும்புவது, வாய் அசைவது, உணர்ச்சி மாறுவது போன்றவற்றைப் பக்கவாட்டிலுள்ள வேறொரு பகுதி கவனிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தகவல் தந்துகொண்டாலும் வேலை வேறு. ஆகவே கணினியில் வடித்த முகம் ஒரு வழியில் ‘இவர்தான்’ என்ற பதிலையும் மறுவழியில் ‘இவர் இல்லை’ என்ற பதிலையும் ஒரே நேரத்தில் பெறமுடியும்.

வடிவம் அறவே இல்லாமல் அசைவை மட்டும் பார்த்தே மனிதரை அறியலாம் என்பது அதற்கும் முன்பே தெரிந்த விஷயம். ஸ்வீடன் நாட்டு குன்னர் யோஹான்சன் 1973-இல், இருட்டில் நடக்கும் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்திக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அது மனித நடை என்று கணத்தில் புரிந்தது. 1977-இல் ஜேம்ஸ் கட்டிங்கும் லின் கோஸ்லோவ்ஸ்கியும், அப்படிப்பட்ட புள்ளிகளை வைத்தே நண்பர்களின் நடையை ஓரளவு அடையாளம் காணமுடிகிறது என்று காட்டினார்கள். ரஜினி படத்தில் முகத்தைக் காட்டும் முன்பே கால்களைக் காட்டி அரங்கை எழுப்பும் இயக்குநர்கள் இந்தக் கட்டுரைகளைப் படித்திருக்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் ஒரே முகம் கொடுத்தால்

மெய்நிகர் முகங்கள் வந்த பிறகுதான் இந்த ஆய்வு துல்லியம் பெற்றது. நிஜ மனிதரிடம் வடிவத்தையும் அசைவையும் பிரித்தெடுக்க வழியில்லை. கணினி உருவத்தில் பிரிக்கலாம், மாற்றியும் பொருத்தலாம்.

ஹரோல்ட் ஹில், ஆலன் ஜான்ஸ்டன் இருவரும் 2001-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிலரைக் கேள்வி-பதில் வடிவில் நகைச்சுவைத் துணுக்குகள் சொல்லச் சொன்னார்கள். அவர்களின் முக அசைவையும் தலையசைவையும் கருவிகள் பதிவுசெய்தன. பிறகு பல முகங்களைக் கலந்து எடுத்த ஒரே ஒரு சராசரி முப்பரிமாணத் தலையில் அத்தனை பேரின் அசைவையும் ஏற்றினார்கள். திரையில் தெரிவது எப்போதும் அதே முகம். துணுக்கு சொல்லும் பாணி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளின் அசைவு எது, வேற்றாளின் அசைவு எது என்று பார்வையாளர்களால் பிரிக்க முடிந்தது. அசைவது ஆணா பெண்ணா என்பதைக்கூட ஊகத்தை மிஞ்சிய அளவில் சொன்னார்கள். ஆளைப் பிரித்தறிய அதிகம் உதவியது தலையின் அசைவு. ஆணா பெண்ணா என்பதற்கு அதிகம் உதவியது முகத்துக்குள் நிகழ்ந்த அசைவு.

ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பார்பரா நாப்மயர், இயன் தோர்ன்டன், ஹைன்ரிஷ் பூல்ட்ஹாஃப் மூவரும் 2003-இல் ஒருபடி மேலே போனார்கள். இரண்டு கணினி முகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிஜ மனிதரின் அசைவு. இந்த இரண்டையும் நன்றாகப் பழகிக்கொள்ளும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். பிறகு இரண்டு முகங்களையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, எந்தப் பக்கமும் முழுதாகச் சேராத நடுமுகங்களை உருவாக்கி, அவற்றில் முதலாமவரின் அசைவையோ இரண்டாமவரின் அசைவையோ ஏற்றிக் காட்டினார்கள். ‘இது யார்?’ என்ற கேள்விக்கு வந்த பதில் அசைவின் பக்கம் சாய்ந்தது. அதாவது, முகத்தைக் கற்கும்போதே அதன் அசைவும் கூடச் சேர்ந்து மனதில் பதிகிறது. வடிவம் தெளிவில்லாதபோது அசைவு தன் தீர்ப்பைச் சொல்கிறது.

முகத்தை வைத்து ஆளை அறியும் திறன் பிறவியிலேயே குன்றியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரை ஸ்டீடும் சகாக்களும் 2007-இல் ஆராய்ந்தார்கள். நிலைப்படத்தில் முகங்களைப் பிரித்தறியத் திணறிய அவர், அசையும் முகங்களுக்குப் பெயர்களைக் கற்றுக்கொண்டு சரியாகச் சொன்னார். வடிவத்தின் வழி அடைபட்டாலும் அசைவின் வழி திறந்திருக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

பழகிய முகமும் புது முகமும்

இவ்வளவையும் படித்தவுடன், ‘அசைவு இருந்தால் எந்த முகமும் எளிதில் மனதில் பதியும்’ என்று முடிவுகட்டத் தோன்றும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

பார்பரா நைட், ஆலன் ஜான்ஸ்டன் இருவரும் 1997-இல் பிரபலங்களின் முகங்களை நெகட்டிவ் படமாக்கிக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய முகத்தை இனங்காண்பது கடினம். அசையாத நெகட்டிவைவிட அசையும் நெகட்டிவில் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். படம் தெளிவாக இருந்தபோது அசைவு கூடுதலாக எதையும் தரவில்லை. அதற்கு அவசியமே இல்லை. கேரன் லேண்டரும் விக்கி புரூஸும் செய்த தொடர் ஆய்வுகளில், அசைவின் வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ பின்னோக்கி ஓட்டினாலோ இந்த நன்மை குறைந்தது. 2005-இல் லேண்டரும் லூயிஸ் சுவாங்கும், தனக்கென்று தனி அசைவு உள்ளவர்களிடமே இந்த நன்மை அதிகம் என்று கண்டார்கள். நைந்த படத்திலும் நாகேஷைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றுவதற்கு அடிப்படை இதுதான்.

இதெல்லாம் ஏற்கெனவே பழகிய முகங்களின் கதை. முன்பின் தெரியாத புது முகத்தைக் கற்பதில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கிரஹாம் பைக்கும் சகாக்களும் 1997-இல் அசைவு உதவுகிறது என்றார்கள். அடுத்த ஆண்டே ஃபியோனா கிறிஸ்டியும் விக்கி புரூஸும் குறிப்பிடத்தக்க உதவி எதையும் காணவில்லை. 2002-இல் ஆலிஸ் ஓ’டூல் குழுவினர் இந்த முரணை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். அவர்கள் இரண்டு விளக்கங்களை எதிரெதிரே வைத்தார்கள். ஒன்று, ஒருவருக்கே உரிய அசைவு தனி அடையாளமாக நினைவில் சேர்கிறது; அது சேர நாளாகும், ஆகவே பழகிய முகங்களுக்கே பயன்படும். மற்றொன்று, அசையும்போது முகம் பல கோணங்களில் தெரிவதால் அதன் முப்பரிமாண வடிவம் நன்றாகப் பிடிபடுகிறது. இது புது முகத்துக்கும் பயன்படும், ஆனால் இங்கே அசைவு வடிவத்துக்கு ஏவல்வேலை செய்கிறதே தவிர, தானே அடையாளமாவதில்லை.

பழகாத உருவங்களில் அசைவு தானே அடையாளமாவதில்லை என்பதையே மெய்நிகர் கூட்டங்களை ஆராய்ந்தவர்களின் முடிவும் வலுப்படுத்துகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ரேச்சல் மெக்டானலும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, சினிமாவிலும் கணினி விளையாட்டிலும் வரும் பெருங்கூட்டத்தைப் பற்றியது. செலவு மிச்சம் பிடிக்க ஒரே உருவத்தைப் பல பிரதிகளாக நிறுத்துவது வழக்கம். ஒரே அசைவைப் பலருக்குக் கொடுப்பதும் வழக்கம். இதில் எதைப் பார்வையாளர் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்? தோற்றத்தின் பிரதிகளைத்தான். ஒரே அசைவை இருவருக்குக் கொடுத்ததைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. பெயர் தெரியாத கூட்டத்தில் அசைவு கண்ணில் படுவதில்லை. ஆள் பழகிய பிறகே அது பேசுகிறது.

என் முடிவு இது: அசைவு ஒரு முகத்தை அறிமுகப்படுத்துவதில் வல்லமை குறைந்தது, அறிமுகமான முகத்தைச் சரிபார்ப்பதில் வல்லமை மிகுந்தது. வங்கியில் கையெழுத்தைப் பார்ப்பது போல. கணக்குத் தொடங்கும் நாளில் உங்கள் கையெழுத்து அங்கே யாருக்கும் எதையும் சொல்லாது. மாதிரி பதிவான பிறகு, பெயரைச் சரியாக எழுதியிருந்தாலும் சுழி மாறினால் காசோலை திரும்பிவிடும்.

இரட்டை வேடம் தந்த பயிற்சி

தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தச் சரிபார்ப்பில் நீண்ட பயிற்சி உண்டு. ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் புதுக்கோட்டைக்காரரான பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டதிலிருந்து, ஒரே முகத்துக்குள் இரண்டு ஆட்களைப் பிரித்துப் பார்ப்பது நம் ரசனையின் ஒரு பகுதி. ‘நவராத்திரி’யில் (1964) சிவாஜி கணேசன் ஒன்பது பேரானார். இவற்றில் மீசை, உடை, சிகை எல்லாம் துணைக்கு வருவதால், அசைவின் பங்கைத் தனித்துச் சொல்லிவிட முடியாது.

அந்த வகையில் ஏவி.எம்.மின் ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) இன்னும் சுவையானது. குட்டி பத்மினி அதில் இரட்டைச் சகோதரிகள். பிரிந்துபோன பெற்றோரைச் சேர்த்துவைக்க இரு சிறுமிகளும் வீடு மாறிக்கொள்கிறார்கள். ஆள்மாறாட்டம் நடந்த பிறகு உடையும் வீடும் உதவாது, ஏமாற்றவே செய்யும். இவள் எவள் என்பதைக் கதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதை நம்பவைக்கும் பொறுப்பு அந்தச் சிறுமியின் நடைக்கும் தலையாட்டலுக்கும் வந்து சேர்கிறது. ட்யூபிங்கன் ஆய்வில் இரண்டு அசைவுகளும் ஒரு நடுமுகமும் செய்த வேலையை இங்கே ஒரே குழந்தை செய்தது.

கேமரா எதை எடுக்கிறது, எதை விடுகிறது

‘கோச்சடையான்’ படத்துக்கான அசைவுப் பதிவு 2012-இல் லண்டன் அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் தொடங்கியது. இந்த முறையில் நடிகர் உடலோடு ஒட்டிய உடை அணிகிறார். மூட்டுக்கு மூட்டு, ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் நடிகரைப் பார்ப்பதில்லை, உருண்டைகளை மட்டும் பார்க்கின்றன. முகத்துக்குப் பெரும்பாலும் வேறு ஏற்பாடு: முகத்தில் புள்ளிகள் இட்டு, தலைக்கவசத்திலிருந்து நீளும் சிறு கேமராவால் படம்பிடிப்பார்கள். கிடைப்பது புள்ளிகளின் பாதை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தோல் எப்படி மடிந்தது, கண்மணி எவ்வளவு வேகத்தில் திரும்பியது, உதட்டின் உட்பக்கம் எப்படி ஒட்டிப் பிரிந்தது என்பவற்றைப் பெரும்பாலும் அனிமேட்டர்தான் பின்னர் நிரப்ப வேண்டும்.

இந்தப் பட்டியலையும் ஹில்–ஜான்ஸ்டன் முடிவையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று விளங்கும். ஆளை அடையாளம் காட்டுவதில் வலுவான தலையசைவும் நடையும் கருவியில் எளிதாகச் சிக்குகின்றன. முகத்துக்குள் நிகழும் நுண்ணசைவு நழுவுகிறது. ரஜினி அந்தப் படத்தில் கோச்சடையான், ராணா, சேனா என மூன்று பாத்திரம். மூன்றிலும் அவரை இனங்காண்பதில் யாருக்கும் சிரமம் இருந்திருக்க முடியாது. தோள் திரும்பும் விதமே போதும். அடையாளம் கிடைத்தது, உயிர்ப்பு முழுதாகக் கிடைக்கவில்லை. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எச்சரித்தது இதைத்தான்: மனிதரை ஏறக்குறைய ஒத்த உருவம் ஒரு கட்டத்தில் நெருடலைத் தரும், அது அசையத் தொடங்கினால் நெருடல் இன்னும் ஆழமாகும்.

நாகேஷின் உருவத்துக்கு வந்த சிக்கல் வேறு. அங்கே முகத்தின் வடிவம் ‘நாகேஷ்’ என்றது. சர்வர் சுந்தரத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சுழன்ற அந்த உடம்பின் தாளத்தை அறிந்தவர்களிடம், அசைவு ‘இல்லை’ என்றது. முகம் எவ்வளவு நன்றாக அமைந்ததோ அவ்வளவுக்கு அந்த முரண் கூர்மையாகத் தெரியும். நாகேஷைப் பார்த்தே இராத சிறுவனுக்கு அந்த முரண் இல்லை. அவன் கண்ணுக்கு அது இன்னொரு அனிமேஷன் பாத்திரம், அவ்வளவே.

கறுப்புக் கண்ணாடி செய்த உதவி

பத்தாண்டுகள் கழிந்து தொழில்நுட்பம் மலிவானது. 2018-இல் மறைந்த மு.கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டில், செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றி வாழ்த்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில், முந்தைய டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் அதே தொழில்நுட்பத்தால் வந்தார்.

இந்த இரண்டில் எது எளிய வேலை? அசைவின் கணக்கில் பார்த்தால் சந்தேகமே இல்லை. விஜயகாந்தின் அடையாளத்தில் பாதி அவருடைய உடலசைவு: சுவரில் கால்வைத்துச் சுழன்று உதைப்பது, சிவந்த கண்ணோடு தலையைத் திருப்புவது. கருணாநிதியின் கண்கள் பல பத்தாண்டுகள் கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்தவை. முகத்தில் பொய் முதலில் தெரியும் இடம் கண். அந்த இடம் இயல்பாகவே மறைந்திருந்தது. மஞ்சள் துண்டும் கரகரத்த குரலும் அடையாளத்தை உறுதிசெய்தன. முதுமையில் அவரை அமர்ந்த நிலையில், அளவான அசைவோடுதான் மக்கள் பார்த்திருந்தார்கள். தப்பாகிப்போக அசைவே அதிகம் இல்லை. போலிக் காணொளி செய்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுவார்கள் என்பதால் இது வெறும் சினிமாச் செய்தியல்ல. நேராக உட்கார்ந்து, தலையை அதிகம் திருப்பாமல், தெளிவற்ற படத்தில் பேசும் பிரபலம் வாட்ஸ்அப்பில் வந்தால், அந்த அசைவின்மையையே சந்தேகத்தின் முதல் காரணமாகக் கொள்ளலாம்.

வளவுச் சுவரில் இருப்பவர்கள்

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பழைய நகரத்தார் வீடு ஒன்றுக்குள் போனால், முகப்பிலும் வளவு என்னும் உள்முற்றத்திலும் முன்னோரின் படங்கள் வரிசையாக இருக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற தலைமுறை. கேமரா முன்னால் விறைத்து அமர்ந்து, கை முழங்காலில், பார்வை நேராக. அந்த முகங்களைப் பேரர்கள் அசைவே இல்லாமல்தான் கற்றிருக்கிறார்கள்.

மைஹெரிடேஜ் நிறுவனம் 2021-இல் ‘டீப் நோஸ்டால்ஜியா’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. பழைய படத்தைக் கொடுத்தால் அதிலிருப்பவர் தலையைத் திருப்பி, கண் சிமிட்டி, புன்னகைப்பார். அந்த அசைவு அவருடையதல்ல. முன்பே எடுத்து வைத்திருக்கும் சில காணொளிகளில் யாரோ ஒருவர் அசைந்ததை, கொடுக்கும் படத்தின்மேல் ஏற்றுகிறார்கள். செட்டிநாட்டு ஐயாவுக்கும் சிகாகோ தாத்தாவுக்கும் ஒரே தலையாட்டல் வாய்க்கலாம்.

இங்கே ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு வகைப் பார்வையாளர்கள் உண்டு. ஐயாவோடு வாழ்ந்த ஆயாவுக்கு, ‘அவுக இப்படித் திரும்ப மாட்டாகளே’ என்று உடனே உறைக்கும். அவரிடம் மாதிரி இருக்கிறது. கொள்ளுப்பேரனிடம் மாதிரி இல்லை. அவன் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், ட்யூபிங்கனில் நடந்ததே அவனுக்கும் நடக்கும்: முகத்தோடு அந்த அசைவும் ஒட்டிக்கொள்ளும். ஒரு தலைமுறை போனபின் அதை மறுக்க ஆளிருக்காது. அசைவு சாட்சி சொல்வது, அசைவைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான்.

பெயர் போடுவது

இந்தத் தொழில்நுட்பத்தைத் தடுத்துவிட முடியாது, தடுக்கத்தான் வேண்டும் என்றும் எனக்குப் படவில்லை. ஆனால் முகம் ஒருவருடையது, அசைவு மற்றொருவருடையது என்ற நிலை வந்துவிட்ட பிறகு, இரண்டாமவரின் பெயரையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி ஏவி.எம். வரலாற்றிலேயே இருக்கிறது. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடித்த ஒரு நடிகைக்கு வேறொரு பெண் பின்னணி பாடினார். ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) கதாநாயகி ருக்மணியின் முகத்துக்கு மெய்யப்பன் பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். அன்றைக்கு இவை ஒட்டுவேலைகள். சில ஆண்டுகளில் பின்னணிப் பாடகரின் பெயர் படத்தின் தலைப்பு அட்டையிலும் இசைத்தட்டிலும் ஏறியது. ஏவி.எம்.மின் ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்துக்காக பி.சுசீலா, சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதைப் பெற்றார். குரல் இன்னொருவருடையது என்று தெரிந்ததால் பாடலின் மேல் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. கேட்பவருக்குக் காதும் கூர்மையானது. இரவல் அசைவுக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்: முகம் இன்னார், அசைவு இன்னார். படத்தின் பெயர்ப்பட்டியலிலும், கட்சி மேடைத் திரையிலும், கைபேசியில் தலையாட்டும் ஐயாவின் படத்துக்குக் கீழேயும்.